சுற்றளவா, விட்டமா?

காட்டு மரங்களின் அளவுக் கணக்கு கேட்டு எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் இரண்டு வரிதான். படிப்பு, ஊர், "எக்செல் ஃபைலை அனுப்பி உதவுங்க சார்." எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார்கள் என்பது அதில் இருக்காது.

நான் ராசிபுரத்துக்காரன். தாவரவியல் படித்து, கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, சுற்றியிருக்கிற மலைகளில் நிரந்தர ஆய்வுப் பிளாட்டுகளில் மரங்களை அளக்கும் ஒரு சிறு குழுவுக்குக் கணக்குப்பிள்ளையாகவும் இருந்து வருகிறேன். ஊரில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் போதமலை, கிழக்கே கொல்லிமலை, வடக்கே சேலத்தைத் தாண்டி சேர்வராயன். அளக்க வரும் மாணவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நோட்டும் கோப்பும் என்னிடம் தங்கிவிடும். கேட்கிறவர்களும் என்னைத்தான் கேட்பார்கள்.

கொடுக்க வேண்டும் என்கிற கட்சி நான். பீரோவில் பூட்டிய கணக்கைக் கரையான்தான் படிக்கும். பொதுப் பணத்தில் எடுத்த தரவு பொதுமக்களுக்குப் போகவேண்டும் என்று இந்திய அரசே 2012இல் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அதில் எனக்குச் சண்டை இல்லை. சண்டையெல்லாம், கொடுத்தபிறகு அந்த எண்கள் படும் பாட்டைப் பார்த்துத்தான்.

ஒரு முறை கரிமக் கணக்குப் போடும் ஆலோசனை நிறுவனம் ஒன்று எங்கள் அட்டவணையை வாங்கிக்கொண்டு போனது. மலைச்சரிவில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று மதிப்பிட்டு யாருக்கோ விற்பது அவர்கள் தொழில். சில மாதம் கழித்து அறிக்கையின் நகலை மரியாதைக்கு அனுப்பினார்கள். உசிலும் கிளுவையும் நிற்கிற வறண்ட சரிவு, அந்த அறிக்கையில் அமேசான் காட்டையே தூக்கிச் சாப்பிடுகிற எடையில் இருந்தது. காரணம் தேட அதிக நேரம் ஆகவில்லை. நாங்கள் பதிவது மரத்தின் சுற்றளவு. அவர்கள் அதை விட்டம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

94 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள மரத்தின் விட்டம் சுமார் 30 சென்டிமீட்டர். அதை 94 சென்டிமீட்டர் விட்டம் என்று சூத்திரத்தில் போட்டால் என்ன ஆகும்? மரத்தின் எடை விட்டத்தின் வர்க்கத்தைவிடவும் சற்று வேகமாக ஏறும். சுற்றளவு விட்டத்தின் பை (π) மடங்கு; பையின் வர்க்கம் கிட்டத்தட்ட பத்து. ஆக ஒவ்வொரு மரமும் பத்து மடங்குக்கு மேல் கனத்துவிடும். கோப்பின் இரண்டாவது தாளில் "அளவுகள் யாவும் சுற்றளவு, சென்டிமீட்டரில்" என்று எழுதித்தான் இருந்தது. முதல் தாளை மட்டும் பிரதி எடுத்திருக்கிறார்கள். சூத்திரம் போட்டவர் அந்தச் சரிவில் ஒரு நாள் நின்றிருந்தால், விடையைப் பார்த்ததும் எங்கேயோ தப்பு என்று அவருக்கே தட்டியிருக்கும்.

அதற்கப்புறம் தனித்தாளை நம்புவதை விட்டுவிட்டோம். அலகு ஒவ்வொரு பத்தியின் தலைப்பிலேயே முழுசாக இருக்கும். பார்க்க அழகாக இருக்காது.

இந்த மலைகளைப் பற்றி வெளிவந்த ஆய்வுகள் குறைவில்லை. அவற்றை வாசிப்பதிலும் இதே வம்பு உண்டு. புதுவைப் பல்கலைக்கழகத்தின் சிட்டிபாபுவும் பார்த்தசாரதியும் 2000ஆம் ஆண்டு கொல்லிமலைச் சோலைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தலா 2 ஹெக்டேரில் நான்கு பிளாட். சுற்றளவு 30 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள மரங்கள் 3,825, இனங்கள் 78. பத்தாண்டு கழித்து பிரகாசனும் பார்த்தசாரதியும் போதமலை, சித்தேரி, கல்வராயன், கொல்லி, பச்சைமலை, சேர்வராயன் ஆகிய ஆறு மலைகளைச் சேர்த்து எழுதினார்கள். 5 மீட்டர் அகலம், 1 கிலோமீட்டர் நீளம் கொண்ட பட்டைகள் 120. மொத்தம் 60 ஹெக்டேர், 27,412 மரம், 272 இனம். இரண்டும் நல்ல வேலை. எப்படி அளந்தோம் என்பதை அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒரு கருத்தரங்கில் ஒருவர் 78ஐயும் 272ஐயும் ஒரே திரையில் இரண்டு தூண்களாக நிறுத்தி, கொல்லிமலை எவ்வளவு அழிந்துவிட்டது பாருங்கள் என்று பேசினார். ஒன்று மலைமேல் இருக்கும் பசுமைமாறாச் சோலைக்குள் வகுத்த பிளாட்டுகள். மற்றது அடிவாரத்து முட்காட்டையும் சேர்த்து ஆறு மலைகளில் கீறிய கோடுகள். பரப்பே ஏழெட்டு மடங்கு வேறு. சோலை அழிகிறது என்பது உண்மையாகவே இருக்கலாம். அந்த 2000ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பே மனிதத் தலையீட்டால் மெலிந்த பன்மையைப் பற்றியதுதான். அதற்காக இந்த இரண்டு தூண்களும் சாட்சி ஆகிவிடுமா?

தரவை ஒழுங்காகப் பகிர்வது என்றால் யாரோ கேட்கும் நாளில் நல்ல மனசோடு அனுப்பிவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அந்த வேலை மரத்தில் எண் தகடு அடிக்கிற நாளிலேயே தொடங்கிவிடுகிறது. அன்றைக்கு எழுதாமல் விட்டதைப் பிறகு எந்த மின்னஞ்சலாலும் அனுப்ப முடியாது.

ஒரு மரத்தை அளப்பதைச் சொல்கிறேன். 1.3 மீட்டரில் வெட்டிய குச்சியை அடிமரத்தோடு நிறுத்தவேண்டும். சரிவாக இருந்தால் மேட்டுப் பக்கம் நின்று நிறுத்தவேண்டும். பள்ளத்துப் பக்கம் நின்றால் அளவிடம் ஒரு சாண் இறங்கிவிடும். பாசியையும் தொங்கும் பட்டையையும் கையால் தட்டிவிட்டு, கொடி சுற்றியிருந்தால் கொடியைத் தூக்கி அதற்கு அடியில் டேப்பை நுழைக்கவேண்டும். முண்டு இருந்தால் அதற்கு மேலே அளந்து, எந்த உயரத்தில் அளந்தோம் என்று எழுதவேண்டும். பெயின்டில் ஒரு கோடு. அலுமினிய ஆணியை முழுக்க அடிக்காமல் தலையை வெளியே விடவேண்டும். இல்லையென்றால் மரம் பருக்கும்போது தகட்டை விழுங்கிவிடும். அளப்பவர் "நாப்பத்தி மூணு புள்ளி ரெண்டு" என்று கத்துவார். எழுதுகிறவர் அதையே திருப்பிச் சொன்ன பிறகுதான் பென்சிலை வைப்பார். அட்டைப்பூச்சியும் ஈரமும் இருக்கிற சோலையில் இந்தத் திருப்பிச் சொல்லுதல்தான் முதலில் கைவிடப்படும். அதைக் கைவிட்ட நாளின் பக்கங்களை வீட்டில் உட்கார்ந்து பார்த்தாலே தெரியும். 34க்கும் 43க்கும் வித்தியாசம் போயிருக்கும்.

அந்த 1.3 மீட்டரிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் வனத்துறை மரபில் மார்பளவு உயரம் என்றால் நாலரை அடி, அதாவது 1.37 மீட்டர். உலக அளவிலான ஆய்வு வலையமைப்புகளில் 1.3. ஏழு சென்டிமீட்டர் இடைவெளியால் ஒரு மரத்தின் அளவில் பெரிய மாற்றம் வராது. பழைய கணக்கை 1.37இலும் புதிய கணக்கை 1.3இலும் எடுத்துவிட்டு இடைப்பட்ட வளர்ச்சியை மில்லிமீட்டரில் சொல்லப் போனால்தான் வம்பு.

மில்லிமீட்டர் என்றதும் இன்னொன்று. மரம் சுருங்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்து தையில் அளந்த மரத்தைச் சித்திரையில் அளந்தால், பட்டை காய்ந்து சில மரங்கள் முன்னைவிடச் சிறுத்திருக்கும். பட்டை உரிகிற இனங்களில் சொல்லவே வேண்டாம். அட்டவணையில் அது எதிர்மறை வளர்ச்சியாக நிற்கும். தரவை வாங்குகிற புதியவர் முதலில் செய்கிற காரியம் அந்த வரிகளையெல்லாம் பிழை என்று நீக்குவது. டேப் இறுகப் பிடித்ததால் இரண்டு மில்லிமீட்டர் குறைந்த மரம் போய்விடும். தளரப் பிடித்ததால் இரண்டு மில்லிமீட்டர் கூடிய மரம் தங்கிவிடும். ஒரு பக்கத்துப் பிழையை மட்டும் துடைத்தால் காடு காகிதத்தில் வேகமாக வளரத்தான் செய்யும். இதைச் செய்தவர்கள் நேர்மையில்லாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். சுத்தம் செய்கிறோம் என்றுதான் நினைத்துச் செய்கிறார்கள்.

வெற்றுக் கட்டமும் பூஜ்யமும் வேறு வேறு. அந்த ஆண்டு மரம் கிடைக்கவில்லை என்பதும் மரம் செத்துவிட்டது என்பதும் வேறு வேறு. கொல்லிமலையில் எங்களோடு வரும் பெரியவர் ஒருவர் இதை எங்களுக்கு முன்பே அறிந்தவர். அடிவாரச் சரிவில் மேலே மொட்டையாகக் காய்ந்து நின்ற ஒரு மரத்துக்குச் செத்ததற்கான குறியீட்டைப் போடச் சொன்னான் மாணவன். பெரியவர் அரிவாள் நுனியால் அடிப்பட்டையைக் கீறிக் காட்டினார். உள்ளே பச்சை.

"செத்துப்போச்சுன்னு எழுதாதீங்க சார். ஒரு மழை விழுந்தா அடியில தழைஞ்சுக்கும்."

"மேல ஒண்ணுமே இல்லீங்களேய்யா?"

"மேல போனா என்னங்க, தூர் இருக்குதில்ல."

அன்று செத்தது என்று எழுதியிருந்தால், அடுத்த கணக்கெடுப்பில் தழைத்த தண்டைப் புதிதாக முளைத்த மரம் என்று இன்னொரு எண்ணில் ஏற்றியிருப்போம். சாவுக் கணக்கு ஒன்று கூடும், பிறப்புக் கணக்கு ஒன்று கூடும். வறண்ட காட்டில் இப்படி நூறு மரம் சேர்ந்தால், அசையாமல் நிற்கிற காடு தலைகீழாகப் புரளுகிற காடாகத் தெரியும். "மேலே காய்ந்தது, தூர் உயிர்" என்று ஒரு தனிக் குறியீடு இன்று எங்கள் அட்டவணையில் இருக்கிறது.

நீண்டகாலத் தரவின் அருமை தெரிய முதுமலையைப் பார்க்கவேண்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த இராமன் சுகுமார் குழுவினர் 1988இல் அங்கே 50 ஹெக்டேர் பிளாட் ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள குச்சி மரத்துக்குக்கூட எண் உண்டு. எது செத்தது, எது புதிதாக வந்தது என்று ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். நான்காண்டுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் அளக்கிறார்கள். சுரேஷ், தத்தராஜா, சுகுமார் மூவரும் 19 ஆண்டுக் கணக்கை வைத்து 2010இல் எழுதியபோது, மழை குறைந்ததன் விளைவு மரச்சாவில் இரண்டு மூன்று ஆண்டு தள்ளித் தெரிவதைக் காட்டினார்கள். மூன்றாண்டு ஆராய்ச்சிப் பட்டத்துக்குள் இது அகப்படவே அகப்படாது.

எங்கள் பக்கம் 2016இல் வடகிழக்குப் பருவமழை மோசமாகப் பொய்த்தது. மறு கோடையிலேயே, "வறட்சியில் எத்தனை மரம் செத்தது, ஒரே ஒரு நம்பர் கொடுங்க" என்று கேட்டு வந்தார்கள். நம்பர் இருந்தது. முதுமலைக் கணக்கைச் சொல்லி, இது முதல் தவணைதான், அடுத்த இரண்டு ஆண்டு போகட்டும் என்றேன். அப்படியானால் முதுமலையின் சாவு விகிதத்தையே கொல்லிமலைக்குப் போட்டுக்கொள்ளலாமா என்று அடுத்த கேள்வி. முதுமலையில் யானை மரத்தை முறிக்கும். கொல்லிமலையில் யானை இல்லை. ஆடு மாடு, அரிவாள், தீ இருக்கிறது. பாடத்தை எடுத்துக்கொள்ளலாம், எண்ணை எடுக்கக்கூடாது.

பெயர் மாறுகிற தொல்லையும் உண்டு. எங்கள் பழைய நோட்டில் வெள்வேல் அக்கேசியா, இன்று வச்செலியா. வெக்காலி அனோகீசஸாக இருந்து டெர்மினாலியா ஆகிவிட்டது. இரண்டு காலத்துப் பட்டியலையும் ஒட்டினால், மலையில் இல்லாத புது இனங்கள் காகிதத்தில் முளைக்கும். பழைய பெயரை அழிக்காமல் பக்கத்தில் புதியதை எழுதி வைப்பது மட்டும்தான் நாங்கள் கண்ட வழி. கோப்பு வெளியே போகும்போது அதன் பெயரிலேயே தேதி இருக்கும். நாமக்கல்லில் முட்டை விலை சொல்கிறவர் எந்த நாளின் விலை என்று சொல்லாமல் வாயைத் திறப்பதில்லை, மரக்கணக்கும் அப்படித்தான்.

இனி, கொடுக்காதது.

முதலில் சந்தனம். சேர்வராயன், சித்தேரி, ஜவ்வாது மலைகளில் சந்தனம் இருந்ததும் அது கடத்தப்பட்டதும் ஊரறிந்த கதை. அங்கே ஒரு மரத்தின் ஜி.பி.எஸ். புள்ளியைச் சுற்றளவோடு வெளியிடுவது திருடனுக்கு விலாசம் கொடுப்பது. மரம் மட்டுமா போகிறது? சித்தேரி அடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூனில், சந்தனக் கடத்தலைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறை ஆட்கள் புகுந்து அந்தப் பழங்குடி ஊரை என்ன செய்தார்கள் என்பது நீதிமன்ற ஆவணத்தில் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று 2011இல் தருமபுரி நீதிமன்றம் சொன்னது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சந்தனம் இங்கே இருக்கிறது என்று படத்தில் ஒரு புள்ளி வைப்பவர், அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களை நினைக்காமல் வைக்க முடியாது.

அதற்காகச் சந்தன வரிகளையே நீக்கிவிடுவதும் சரியில்லை. நீக்கினால் அந்தப் பிளாட்டின் மொத்தக் கணக்கு பொய்யாகிவிடும். மரத்தையும் சுற்றளவையும் விட்டுவிட்டு, பிளாட்டுக்குள் அது நிற்கும் இடத்தை எடுத்துவிடுகிறோம். பிளாட்டின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கத்தோடு நிறுத்துகிறோம். ஓர் இலக்கம் என்றால் ஏறக்குறைய 11 கிலோமீட்டர் துல்லியம். எந்த மலை என்று தெரியும். எந்தச் சரிவு என்று தெரியாது. துல்லியமான இடம் உண்மையிலேயே வேண்டுமென்றால் வனத்துறை அனுமதிக் கடிதத்தோடு வரட்டும், கூட நடந்தே போய்க் காட்டுகிறேன்.

இரண்டாவது, மருந்து. பெரியவர் நடந்துகொண்டே இந்தப் பட்டை இதற்கு, அந்த வேர் அதற்கு என்று சொல்வார். மாணவர்கள் ஆர்வத்தில் நோட்டின் ஓரத்தில் குறித்துவிடுவார்கள். அந்த ஓரக் குறிப்புகளைக் கணினியில் ஏற்றுவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்தோம். மரத்தின் சுற்றளவை நாங்கள் அளந்தோம். மருந்தை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு உண்டு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு உண்டு. கேட்க வேண்டிய இடம் அது. சில மருந்து ஆய்வாளர்களுக்கு இதில் என்மேல் வருத்தம். இருக்கட்டும்.

மலையில் டேப்பை எடுத்தாலே ஒரு பயம் உண்டு என்பதை வெளியூர் ஆட்கள் அறிவதில்லை. சேர்வராயனிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டியதைப் பார்த்தவர்கள் இந்த மக்கள். "அளந்து முடிச்சதும் காட்டை யாருக்குக் கொடுக்கப் போறீங்க?" என்று வெளிப்படையாகவே கேட்டிருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி மனுப்போட்டுக் காத்திருப்பவருக்கு, தன் கொட்டகைக்குப் பின்னால் யாரோ கயிறு கட்டி மரத்துக்கு எண் போடுவது சாதாரண விஷயம் அல்ல. ஆகவே ஒவ்வொரு கணக்கெடுப்பும் முடிந்ததும் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்துப் படம், ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு என்று வைத்துவிட்டு வருகிறோம். தரவை முதலில் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள். ஆங்கில இதழ் அப்புறம் வரட்டும்.

உலகம் திறந்த தரவை நோக்கித்தான் போகிறது. 1980களின் தொடக்கத்திலிருந்து அளக்கப்படும் பனாமாவின் பாரோ கொலராடோ தீவுத் தரவு இன்று யாருக்கும் கிடைக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் மேற்குத் தொடர்ச்சி மலையின் 96 இடங்களின் காட்டுக் கணக்கை 2010இலும், குடகு மாவட்ட உப்பங்கலா பிளாட்டின் மரக்கணக்கை 2011இலும் 'எக்காலஜி' இதழில் தரவுக் கட்டுரைகளாகவே வெளியிட்டார்கள். எண்ணோடு, எப்படி அளந்தோம் என்ற விவரமும் ஒரே கட்டாக வருகிறது. என் அபிப்பிராயத்தில் நம் ஊர்க் குழுக்களும் இதைத்தான் பின்பற்றவேண்டும். மேற்கோள் காட்ட ஒரு கட்டுரை கிடைக்கிறது. அளந்தவர்கள் பெயரும் அதில் நிற்கிறது.

ஆனால் இலவசம் என்று சொல்லும்போது யார் செலவில் என்றும் கேட்கவேண்டும். 2022இல் ரெனாட்டோ டி லிமா, ஆலிவர் பிலிப்ஸ் உள்ளிட்ட பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து இதையே எழுதினார்கள்: வெப்பமண்டலக் காட்டில் நடந்து அளப்பவர்கள் ஒரு பக்கம், குளிர்ந்த அறையில் அந்தத் தரவைக் கோத்துப் பெயர் வாங்குபவர்கள் இன்னொரு பக்கம் என்று இருந்தால் அது நியாயமான திறப்பு இல்லை; அளப்பதற்கே பணம் வரவேண்டும். சாலை இல்லாததால் தேர்தலுக்கு வாக்குப்பெட்டியையே தலைச்சுமையாகக் கொண்டுபோன போதமலையில், டேப்பும் தகடும் அரிசியும் சுமந்து ஏறியவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல.

இப்போது கேட்கிறவர்களுக்கு ஒரு பக்கப் படிவம் அனுப்புகிறேன். கேள்வி என்ன, எந்தப் பத்திகள் வேண்டும், மலைக்கு ஒரு முறையாவது வர முடியுமா, கண்ட பிழைகளைத் திருப்பி அனுப்புவீர்களா, நன்றியுரையில் வழிகாட்டிகளின் பெயரை அவர்கள் சம்மதித்தால் போடுவீர்களா. படிவத்தைப் பார்த்ததும் பாதிப்பேர் காணாமல் போய்விடுகிறார்கள். மீதிப்பேருக்கு அன்றே கோப்பு போய்விடும். சென்ற ஆண்டு திருச்சியிலிருந்து கேட்ட மாணவி ஒருத்தி, இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவில் எண் மாறிப்போன சில மரங்களைப் பட்டியல் போட்டு அனுப்பியிருந்தாள். வரும் தையில் அந்தப் பிளாட்டுக்குப் போகும்போது அந்தத் தகடுகளைப் பார்க்கவேண்டும். தகடு வாங்கவும் ஆட்கூலிக்கும் இன்னும் பணம் சேரவில்லை.